தீவைத் தேடும் கணக்கு

நீரோட்டத்தை அறிய விஞ்ஞானிகள் கடலில் மிதவைகளை விடுகிறார்கள். மேலே ஒரு பந்து. அதன் அடியில் ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில் ஒரு துணிக்குழாய் தொங்கும். காற்று தள்ளாமல் நீரோட்டமே அதை இழுத்துப் போக இந்த ஏற்பாடு. போகுமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லிக்கொண்டே இருக்கும்.

மடகாஸ்கர் தீவைச் சுற்றி மிதந்தவற்றின் பாதைகளை 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. கடலை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு மிதவை போயிருந்தால், நடுவே ஒரு கோடு.

கோடுகளை மட்டும் பார்த்துத் தீவைக் கண்டுபிடிக்க முடியுமா? கஷ்டம்! ஒன்றையொன்று தொடும் மூன்று கட்டங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். கடல் முழுக்க இப்படிக் குட்டி வளையங்கள். அவற்றுக்கு நடுவே மடகாஸ்கரைச் சுற்றும் வளையம் எது?

இதற்கு ஒரு வழி உண்டு. கட்டங்களை இரண்டு இரண்டாக மட்டும் பார்க்காமல், மூன்றும் சேர்ந்த கூட்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதாவது முக்கோணத்தின் நடுவை அடைத்துவிட வேண்டும். இப்போது கடலில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டால் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகிவிடும். தீவைச் சுற்றிப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

கணினிக்குக் கண் ஏது? அதற்கு எண்தான் தெரியும். ஆகவே ஒரு கணிதச் செயலி தேவை. கைபேசியில் இருக்கும் செயலி அல்ல. கூட்டல், பெருக்கல் போல எண்களை வாங்கி எண்களைத் தருவது. ஒவ்வொரு கோட்டிலும் ஓடும் ஓட்டத்தை வாங்கி, இது இரண்டு கேள்விகள் கேட்கும். எந்தக் கட்டத்திலாவது தேங்குகிறதா? எந்த முக்கோணத்தையாவது சுற்றிச் சுழல்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் விடை பூஜ்ஜியம். ஓட்டம் இருந்தும் விடை பூஜ்ஜியம் என்றால், அது தீவைச் சுற்றும் ஓட்டம்தான்!

ஸ்காட்லாந்துக் கணிதர் வில்லியம் ஹாட்ஜின் பெயரால் வழங்கும் செயலி இது. புள்ளி, கோடு, முக்கோணங்களுக்கு ஏற்ற வடிவை 1940-களில் தந்தவர் சுவிட்சர்லாந்தின் பெனோ எக்மன். அப்போது வானில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை.

தீவைச் சுற்றும் அந்த ஓட்டத்தோடு ஒவ்வொரு மிதவையின் பாதையையும் ஒப்பிட்டால், இடமாகச் சுற்றியதா வலமாகச் சுற்றியதா என்பதைக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சொல்லிவிடும்.

ஒரு தாளில் இரண்டு தீவுகள் வரைந்து பாருங்கள். அப்போது ஒரு மிதவையின் பாதைக்கு ஓர் எண் போதாது. தீவுக்கு ஒன்றாக இரண்டு எண்கள் வேண்டும்.