அம்மா கேட்ட கேள்வி

“நீங்க யாருங்க?”

என்னைப் பெற்று வளர்த்த தாயார் ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாள். கையில் காப்பித் தம்ளருடன் நான் அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். முதலில் வேடிக்கை என்றே நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அப்படியல்லவென்று தெரிந்துவிட்டது. முன்பின் அறியாத ஆடவன் ஒருவன் வீட்டுக்குள் வந்து நின்றால் கௌரவமான ஸ்திரீ எத்தகைய சங்கோசத்துடன் பார்ப்பாளோ, அத்தகைய சங்கோசம் அந்தப் பார்வையில் இருந்தது.

“நான்தானம்மா, உன் மகன்” என்றேன்.

“எம் மகன் பள்ளிக்கூடம் போயிருக்கான். சாயந்தரம் வந்துடுவான்” என்று சொல்லிவிட்டு அவள் வாசற்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் போயிருக்கும் அந்த மகன் முப்பத்து மூன்று வருஷம் உபாத்தியாயராக இருந்து, தலைமையாசிரியராகி, 2022-ஆம் வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டான் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

டாக்டர் அதை மறதி நோய் என்றார். மூளையிலுள்ள நரம்பணுக்கள் சிறிது சிறிதாக நசித்துப் போவதால் வருவது. நேற்று நடந்தது முதலில் மறக்கும், இளமையில் நடந்தது நெடுநாள் நிற்கும். முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை என்றார். “அவர்களோடு வாதாட வேண்டாம். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்ச் சேருங்கள்” என்றும் சொன்னார்.

ஆனால் நான் வாதாடினேன். புகைப்படங்களைக் காட்டினேன். பிரிவுபசாரத்தின்போது பள்ளியில் கொடுத்த வாழ்த்து மடலைக்கூட உரக்கப் படித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப சந்தோஷம். உங்க அம்மா நல்லா இருக்காங்களா?” என்றாள்.

ஊரார் “ஸார், ஸார்” என்றழைத்தது உத்தியோகத்தோடு போயிற்று. மிச்சமிருந்தது ‘மகன்’ என்ற பெயர் ஒன்றுதான். அதுவும் போனால் பிறகு நான் யார்? இந்தக் கேள்வி தத்துவ விசாரணையாக என்னிடம் வரவில்லை. காலைக் காப்பியுடன் வந்தது.

என் நிலைமையைக் கண்ட மனையாள், “பத்து நாள் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள். உங்கள் தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள்” என்றாள். நான் திருவண்ணாமலைக்கு ரயிலேறினேன்.

*

‘நான் யார்?’ என்ற கேள்விக்கும் திருவண்ணாமலைக்கும் உள்ள சம்பந்தத்தை நேயர்கள் அறிவார்கள். ஆயினும் அந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுவது அவசியம்.

திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த வேங்கடராமன், தகப்பனார் காலமான பிறகு மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்து வந்தான். 1896-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு நாள், தேகத்தில் எவ்வித நோயுமில்லாதிருந்த அந்தப் பதினாறு வயதுப் பையனை, சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று பற்றிக்கொண்டது. அவன் யாரையும் கூவி அழைக்கவில்லை. வைத்தியரைத் தேடி ஓடவுமில்லை. கை கால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் படுத்தான். மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டான். இந்த உடலைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்று எரித்துவிட்டால் ‘நான்’ என்பதும் எரிந்து போகுமா என்று தன்னுள்ளேயே ஆராய்ந்தான். போகாது என்பது அவனுக்கு அப்போதே பிரத்தியட்சமாயிற்று. மரண பயம் அன்றோடு அவனை விட்டு நீங்கியது.

ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 29-ஆம் தேதி, தமையனார் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சீட்டெழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டான். அந்தச் சீட்டு விசித்திரமானது. ‘நான்’ என்று ஆரம்பிக்கிறது; நடுவிலேயே அந்த ‘நான்’ மறைந்து ‘இது’ என்றாகிவிடுகிறது; முடிவில் கையெழுத்தே இல்லை, ஒரு கோடு மட்டும் இருக்கிறது. சில வரிகளுக்குள் ஒரு மனிதன் தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டான்! செப்டம்பர் 1-ஆம் தேதி அருணாசலத்தை அடைந்தவர், 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி சமாதியடையும் வரையில் அந்த மலையை விட்டு அகலவேயில்லை. ரமண மகரிஷி என்ற பெயர் அவருக்கு 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவரால் வந்தது.

தென்னார்க்காடு ஜில்லாவில் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-ஆம் வருஷ வாக்கில் மலைமேல் விரூபாக்ஷ குகையில் அவரைக் கண்டு கேள்விகள் கேட்டார். மகரிஷி அப்போது பேசுவதில்லை. எழுதியே பதில் காட்டினார். அவைதாம் பின்னர் 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு புத்தகமாக வெளிவந்தன.

தேசத் தொண்டர்களையும் அந்த மலை இழுத்தது. 1938-ஆம் வருஷம் காந்தியடிகளின் யோசனைப்படி ராஜேந்திர பிரசாத்தும் ஜம்னாலால் பஜாஜும் அங்கே வந்து தங்கினார்கள். சுயராஜ்யம் வேண்டுமென்று சிறை சென்றவர்கள், அந்தச் சொல்லிலுள்ள ‘சுயம்’ எது என்று விசாரிக்க ஓரிடம் தேடியது பொருத்தந்தானே?

*

ஆசிரமத்தின் பழைய மண்டபம் சிறியது. மகரிஷி பல வருஷம் இரவும் பகலும் இருந்த சோபா அங்கே இருக்கிறது. சுவரோரம் பலர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

ஆத்ம விசாரம் சொல்வதற்கு மிகவும் எளியது. ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம்போல் ஜபிப்பதல்ல அது. நினைவு ஒன்று எழுந்தால், இது யாருக்கு எழுந்தது என்று பார்க்கவேண்டும். ‘எனக்கு’ என்று விடை வரும். அந்த ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனத்தை அங்கேயே திருப்பவேண்டும். வார்த்தையில் பதில் தேடவேண்டியதில்லை. கவனம் திரும்புவதுதான் காரியம்.

செய்து பார்த்தபோதுதான் சிரமம் தெரிந்தது. முதல் நாள் முழங்கால் வலியை விசாரித்தேன். இரண்டாம் நாள் தூங்கிப் போனேன். மூன்றாம் நாள் ஓய்வூதியக் கணக்கில் இருக்கும் ஒரு தவறு ஞாபகத்துக்கு வந்தது. அது யாருக்கு வந்தது என்று கேட்பதற்குள் அரைமணி நேரம் கழிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் வெளியே மயில் அகவியது. உடனே அம்மாவின் நினைவு வந்தது. “நீங்க யாருங்க?” என்ற குரல் செவியில் கேட்டாற்போலிருந்தது. நெஞ்சு கசந்தது. இந்தக் கசப்பு யாருக்கு? எனக்கு. எந்த எனக்கு? மகனுக்கு. ‘மகன்’ என்பது ஒரு நினைவு. தலைமையாசிரியர் என்பதும் ஒரு நினைவு. என் பெயரும் பிறர் வைத்துப் பழகிய ஒரு சப்தம். இவையெல்லாம் வருவதையும் போவதையும் அறிந்துகொண்டிருப்பது எது? அங்கே திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உள்ளபடி சொல்ல வார்த்தை அகப்படவில்லை. மயில் மீண்டும் அகவியது. சப்தம் இருந்தது, கேட்கிறேன் என்று உரிமை கொண்டாட ஆள் இல்லை. மூச்சு வந்துபோனது, வெளிச்சம் இருந்தது, குறையொன்றும் இல்லை. எத்தனை வினாடி நீடித்ததோ அறியேன். ஒரு கணம் பயம் தட்டியது, அதுவும் அடங்கிற்று.

பிறகு என்ன ஆயிற்றென்றால், ‘ஆஹா! ஐந்தே நாளில் இத்தகைய அனுபவம் பெற்றவன் நான்!’ என்று ஒருவன் உள்ளே வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டான். தலைமையாசிரியர் போனார், ஞானி வந்து சேர்ந்தார்!

*

இந்தப் புதிய ஞானி செய்த காரியத்தைக் கேளுங்கள். அன்று மாலை வீட்டுக்கு டெலிபோன் செய்தேன். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சாயந்தரமானால் வாசலிலேயே நிற்கிறாள் என்று தங்கை சொன்னாள்.

“மகன், தாய் என்பதெல்லாம் மனத்தின் கற்பனை, அம்மா. நான் இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கலாமென்று நினைக்கிறேன்” என்றேன்.

தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரிண்ணா. கற்பனைக்குச் சாதம் பிசைந்து வைத்திருக்கேன். ஊட்டிட்டு வந்து பேசறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மறுநாள் காலை மாத்ருபூதேசுவரர் சந்நிதியில் போய் நின்றேன். பல நாள் சுற்றி வந்த சந்நிதிதான். அது யாருடைய சமாதியின்மேல் எழுந்தது என்பதை அன்றுதான் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

மகரிஷியின் தாயார் அழகம்மாள், 1898-ஆம் வருஷம் பவழக்குன்றில் மகனைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று அழுது மன்றாடியவர். மகன் போகவில்லை. அதே அழகம்மாள் 1916-இல் மகனுடனேயே வாழ வந்தார். 1922-ஆம் வருஷம் மே 19-ஆம் தேதி அவருடைய இறுதி நாளில், மகரிஷி காலை முதல் அருகிலேயே அமர்ந்து, ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி, பிராணன் அடங்கும் வரையில் நகராமல் இருந்தார். மலையடிவாரத்தில் அந்த அம்மையை அடக்கம் செய்த இடத்துக்கு நாள்தோறும் இறங்கி வந்தவர், பிறகு அங்கேயே தங்கிவிட்டார். ஆசிரமம் வளர்ந்தது அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான். 1949-இல் அங்கே ஆலயக் கும்பாபிஷேகமும் நடந்தது.

‘நான்’ என்பதை உதறியவர் தாயை உதறவில்லை. நானோ தாயை உதறிவிட்டு, ‘நான்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கசப்பு எனக்கு ஏன் வந்தது? அம்மா துன்பப்படுகிறாளே என்றா? இல்லை, என்னை அடையாளம் தெரியவில்லையே என்றுதான். அவளுடைய நோயிலும் என் விலாசத்தையே தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே புறப்பட்டேன்.

*

வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பையைத் திண்ணையில் வைத்தேன்.

“நீங்க யாருங்க?”

விடை சட்டென்று நாவுக்கு வந்தது. வழக்கம்போல் நெஞ்சில் முள்ளும் தைத்தது. இது யாருக்குத் தைக்கிறது என்று ஒரு விநாடி உள்ளே பார்த்தேன். முள் மறையவில்லை, ஆனால் அதைக் காட்டிச் சண்டை போட அங்கே ஒருவரும் எழுந்து வரவில்லை.

“யாருக்காகக் காத்திருக்கீங்க, அம்மா?” என்றேன்.

“எம் மகனுக்கு. பசியோட வருவான்.”

“நானும் கூட உட்கார்ந்து காத்திருக்கட்டுமா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உட்காருங்க. காலையிலிருந்து சாப்பிட்டீங்களோ என்னவோ!” என்று திண்ணையில் இடம் விட்டாள். தங்கை இரண்டு தட்டுகளில் சாதம் கொண்டுவந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அம்மாவும் சாப்பிட்டாள்.

இப்போதும் தினம் காலையில் அரைமணி நேரம் விசாரத்தில் உட்காருகிறேன். பழைய மண்டபத்தில் கண்டது மீண்டும் அப்படியே வரவில்லை. வரவேண்டுமென்று எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். பிறகு காப்பித் தம்ளருடன் அம்மாவிடம் போகிறேன். அவள் அதே கேள்வியைக் கேட்கிறாள். சில நாள் பக்கத்து வீட்டுக்காரன். சில நாள் வைத்தியர் வீட்டுப் பிள்ளை. ஒரு நாள் அவளுடைய அண்ணன். எந்தப் பெயரை அவள் கொடுத்தாலும், காப்பியைத் தம்ளரில் ஆற்றிக் கொடுக்கும் கை ஒன்றுதான்.