கெண்டைக்காலில் ஓர் இரண்டாம் இதயம்

நிலக்கோட்டையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில் கிணற்று நீரை மேலேற்றும் மோட்டாரைப் பார்த்திருக்கிறீர்களா? கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் 'புட் வால்வு' ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது நீரை மேலே போக விடும். கீழே இறங்க விடாது. மோட்டார் நின்ற பிறகும் குழாயில் நீர் நிற்பது அதனால்தான். இதே வேலையைச் செய்யும் வால்வுகள் உங்கள் கால்களிலும் இருக்கின்றன!

மேலே ஏற்றுவது யார்?

நம் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. தமனிகள் வழியாகப் பாதம் வரை சென்ற இரத்தம், சிரைகள் வழியாக இதயத்திற்குத் திரும்ப வேண்டும். ஆனால் நுண்குழாய்களைக் கடப்பதற்குள் இதயம் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. நிற்கும் மனிதருக்கோ பாதத்திலிருந்து இதயம் ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது.

இங்கே உதவிக்கு வருவது கெண்டைக்கால் தசை. காலின் ஆழ்சிரைகள் இத்தசைகளுக்கு நடுவே செல்கின்றன. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது. இரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளரும்போது வால்வுகள் மூடி, ஏறிய இரத்தத்தைத் தாங்கிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கியதும் அது சுமார் 30 ஆகக் குறைகிறது. கெண்டைக்காலை 'இரண்டாம் இதயம்' என்பது பொருத்தம்தானே?

செய்து பாருங்கள்

கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்துத் தெரியும் ஒரு சிரையின் கீழ்ப்பகுதியை ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாகச் சிரையை நீவிவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். வால்வு உள்ள இடம் வரை சிரை வெறுமையாகவே இருக்கும். முதல் விரலை எடுத்தால் கீழிருந்து நிரம்பிவிடும். வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய சோதனை இது.

அறுவைக்குப் பின் நேர்வது என்ன?

கட்டி, மிகையான உதிரப்போக்கு முதலிய காரணங்களால் சில பெண்களுக்குக் கருப்பையை அகற்ற நேரிடுகிறது. அப்போது இந்த இரண்டாம் இதயம் ஓய்ந்துவிடுகிறது.

சிரையில் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் அவை வழங்குகின்றன. முதலாவது, தேக்கம். மயக்க மருந்தால் கால் தசைகள் தளர்கின்றன, பிறகு படுக்கை. இரண்டாவது, குழாய்ச் சுவரில் ஏற்படும் ஊறு. கருப்பைக்கு அருகிலேயே இடுப்பின் பெரிய சிரைகள் செல்கின்றன. மூன்றாவது, இரத்தத்தின் மாற்றம். காயம் பட்ட உடல், இரத்த இழப்பைத் தடுக்க உறையும் தன்மையை மிகுதியாக்குகிறது. ஆக, மூன்று காரணங்களும் ஒருங்கே கூடிவிடுகின்றன! முதுமை, உடற்பருமன், புற்றுநோய் ஆகியவை இருந்தால் ஆபத்து மேலும் கூடும்.

காலில் தோன்றிய உறைகட்டி பெயர்ந்தால், சிரை வழியே இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, நுரையீரல் தமனியை அடைத்துவிடும். அடைப்பு பெரிதானால் உயிருக்கே இறுதி.

தடுக்கும் வழிகள்

ஒரு காலத்தில் அறுவைக்குப் பின் நோயாளியைப் பல நாள் படுக்கையிலேயே வைத்திருந்தனர். 1899-இல் சிகாகோ நகரின் பெண்நோய் மருத்துவர் எமில் ரீஸ், நோயாளிகளை விரைவில் எழுப்பி நடக்கவிடலாம் என்று எழுதினார். அவர் கருத்து பரவப் பல ஆண்டுகள் பிடித்தன.

அடுத்தது மருந்து. இலண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் வி. வி. கக்கரின் தலைமையில் நடந்த பன்னாட்டு ஆய்வு 1975-இல் வெளியானது. அறுவை செய்துகொண்ட 4,000-க்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிறிதளவு 'ஹெப்பாரின்' ஊசி போடப்பட்டது. நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் ஊசி போடாதவர்களில் 16 பேர். போட்டவர்களில் 2 பேர் மட்டுமே! இன்று மருத்துவர்கள் ஒவ்வொருவரின் ஆபத்தையும் கணித்து, தேவையானோருக்கு இவ்வகை ஊசியும், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையும் தருகின்றனர்.

உங்கள் பங்கு

"பச்சை ரணம், அசையாமல் படுத்திரு" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தால், தாய்க்கோ அத்தைக்கோ கை கொடுத்து நடக்க வைப்பது உங்கள் வேலை. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ அறுவை முடித்து வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தைலம் தேய்த்து நீவாதீர்கள். நீவினால் கட்டி பெயரலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.