இரவு இழுப்புக்கு ஆள் கூட்டும் புரதம்

பெரும்போக அறுவடை தொடங்கினால் கந்தளாய்க் குளத்தின் கீழுள்ள வயல்களில் வெட்டு மெசினோடு தூசும் கிளம்பும். நெற்சுனை, பதர்த்தூள், பூஞ்சண வித்துகள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு வயலிலேயே தும்மல் வரும், மூக்கால் நீர் ஓடும். வீட்டுக்கு வந்து குளித்தால் சுகம்போலத் தெரியும். ஆனால் 4 முதல் 8 மணித்தியாலம் கழித்துச் சிலருக்கு நெஞ்சு இறுகி இழுக்கத் தொடங்கும். தூசு வயலோடு நின்றபின் இது எங்கிருந்து வருகிறது?

தும்மலுக்குக் காரணம் ஹிஸ்டமின். மூக்கிலும் சுவாசக் குழாயிலும் தங்கியிருக்கும் மாஸ்ட் கலங்கள் அதைச் சில நிமிடங்களில் கொட்டிவிடும். பிந்தி வரும் இழுப்பில் பெரும்பங்கு, குருதியிலிருந்து வந்துசேரும் இயோசினாடிகள் என்னும் வெண்குருதிக் கலங்களுக்கு உண்டு. அவற்றை அழைப்பவை கீமோகைன்கள். மனித உடலில் ஏறத்தாழ 50 வகையுள்ள சிறிய புரதங்கள் இவை.

ஒவ்வாமையில் பேர்போனது இயோடாக்சின். இலண்டனில் டிம் வில்லியம்ஸ், பீட்டர் ஜோஸ் குழுவினர் 1994இல் இதை அறிவித்தனர். முட்டை வெண்கருப் புரதத்துக்கு ஒவ்வாமை உண்டாக்கிய கினிப் பன்றிகளை அதையே சுவாசிக்கச் செய்தனர். பிறகு அவற்றின் நுரையீரலைக் கழுவியெடுத்த திரவத்தை வேறு கினிப் பன்றிகளின் தோலில் ஏற்றினர். ஏற்றிய இடத்தில் இயோசினாடிகள் வந்து குவிந்தன. அந்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில் இருந்தவை எழுபத்துச் சொச்ச அமினோ அமிலங்களே.

தூசு பட்டதும் டி கலங்கள் என்னும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கும். அவை சுவாசக் குழாயின் உட்படைக் கலங்களைத் தூண்டி இயோடாக்சினைச் சுரக்க வைக்கும். குளத்து நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். இயோசினாடியோ இயோடாக்சின் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஏறும். குருதிக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி நின்று, இடுக்கால் நுழைந்து வெளியே வரும். வந்தபின் தன் மணிகளிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டிச் சுவாசக் குழாயின் உட்படையையே புண்ணாக்கும்.

இயோடாக்சினை மட்டும் தடுத்தால் போதாது. இயோசினாடியின் மேற்பரப்பில் அது தட்டும் அதே வாங்கியைத் தட்டும் உறவுப் புரதங்கள் வேறும் உண்டு. எனவே அழைப்புகள் பலவற்றை ஒருசேர அடக்கும் ஸ்டீரொயிட் பம்ப்தான் இன்றும் முதன்மை மருந்து. சல்பியூட்டமோல் பம்ப் இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர, அழைப்பை நிறுத்தாது. ஆகவே வைத்தியர் தினமும் இழுக்கச் சொன்ன ஸ்டீரொயிட் பம்ப்பை, மூச்சு லேசாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்; அறுவடைக் காலத்தில் அறவே வேண்டாம்.