லாரி ஓட்ட சபர் போகுமுன்

ஹெவி லைசென்ஸ் எடுத்த நம் மண்டபத்துப் பிள்ளைகள் சிலர் சபர் போக விரும்புகிறார்கள். வேலை இருப்பது உண்மைதான். 2021இல் பெட்ரோல் கொண்டுபோக ஓட்டுநர் போதாமல் பிரிட்டனே வெளிநாட்டவருக்குத் தற்காலிக விசா அறிவித்தது. வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுவோர் பெரும்பாலும் வெளிநாட்டவர்தாம்.

ஆனால் ஆள் தேவைப்படும் இடத்தில் சம்பளமும் ஒழுங்காக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2023இல் ஜெர்மனியில், ஒரு போலந்து நிறுவனத்துக்கு ஓட்டிய ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் ஓட்டுநர்கள் லாரிகளைச் சாலையோரம் நிறுத்திப் பல வாரம் போராடித்தான் சம்பள பாக்கியைப் பெற்றார்கள்.

ஆகவே வீட்டு நகையை அடகு வைக்குமுன் சிலவற்றைப் பாருங்கள். ஏஜெண்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா? அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே, ரசீது கேளுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்; அது அங்கே குற்றம், சம்பளம் தராவிட்டால் முறையிடுவதும் கடினம். நம் லைசென்ஸை வைத்து அங்கே நேரடியாக லாரி ஓட்ட முடியாது. அந்நாட்டு லைசென்ஸ் எடுக்கும் செலவு யாருடையது, விபத்தானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்வது நம் மார்க்கம். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.