மஞ்சள் கறை ஏன் சிவக்கிறது?

விரித்த ஜமக்காளத்தில் சாம்பார் சிந்தினால் யாராவது ஒருவர் சோப்பும் கையுமாக ஓடி வருவார். தேய்த்த மாத்திரத்தில் மஞ்சளாக இருந்த இடம் செங்கல் நிறமாகிவிடும். கறை முற்றிவிட்டது என்று பதறி இன்னும் கொஞ்சம் சோப்பைப் போடுவார்கள். அங்கே நடப்பது ஆரத்தித் தட்டில் நடப்பதுதான். மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதல்லவா? மஞ்சளின் நிறமியான குர்க்குமின், காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மஞ்சளுக்கே திரும்பும். துணி சோப்பு காரத்தன்மை உள்ளது. சிவந்த இடத்தில், நீர் கலந்த வினிகரை ஒற்றிப் பாருங்கள்; சிவப்பு மறைந்துவிடும்.

மிஞ்சும் மஞ்சளை எடுப்பதுதான் உண்மையான வேலை. குர்க்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். தாளித்த எண்ணெயோடுதான் அது நூலுக்குள் இறங்குகிறது. எனவே பருப்பையும் காயையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தால் கறை அடிநூல்வரை போய்விடும். பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து ஒற்றிய பிறகும் நிறம் நின்றால், வெள்ளைத் துணியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒற்றலாம். ஜமக்காளத்தின் சாயம் இளகுகிறதா என்று முதலில் ஓர் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கடைசி மருந்து வெயில். குர்க்குமின் ஒளியில் சிதைந்துவிடும் என்பதால், சோப்புக்கு அசையாத மஞ்சள்கூட வெயிலில் வெளுக்கும்.

இவ்வளவும் பருத்திக்குச் சொன்னது. என்ன கறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எந்த இழையின் மேல் விழுந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். கம்பளி விரிப்பு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நம் தலைமுடியும் அதே புரதம்தான். குளோரின் ப்ளீச் அதைக் கரைத்தே விடும். கம்பளியும் பருத்தியும் கலந்த துணியில் கம்பளி எவ்வளவு என்று அளக்க ஆய்வகங்கள் இந்தக் கரைசலைத்தான் பயன்படுத்துகின்றன: கம்பளி கரைந்துபோகும், பருத்தி நிற்கும். ரத்தக்கறை, பால்கறைக்காக விற்கும் என்சைம் பொடிகளும் கம்பளிக்கு ஆகாது. புரதத்தைச் சிதைக்கும் என்சைமுக்குக் கறையின் புரதம், விரிப்பின் புரதம் என்ற பாகுபாடு கிடையாது. வெந்நீரும் வேண்டாம். மஞ்சளைக் கொண்டு கம்பளிக்குச் சாயமேற்றுகிறவர்கள் சூடாக்கித்தான் ஏற்றுகிறார்கள். ரத்தமோ சூட்டில் உறைந்து இழையைப் பிடித்துக்கொள்ளும்.

சணல், தென்னை நார் விரிப்புகளின் கதை வேறு. அங்கே சுத்தமான தண்ணீரே கறையாக்கும். இந்த நார்களில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கிறது. தென்னை நாரில் அது மிக அதிகம். ஊறிய ஈரம், நாரிலுள்ள பழுப்புப் பொருட்களைக் கரைத்துக்கொண்டு ஓரத்துக்கும் மேற்பரப்புக்கும் நகர்ந்து, காயும்போது அவற்றை அங்கேயே விட்டுச் செல்கிறது. மேசையில் சிந்திய காபி விளிம்பில் மட்டும் கருவளையமாகக் காய்வதற்கும் நீரின் இத்தகைய ஓட்டமே காரணம் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் விளக்கினார்கள். ஆகவே நார் விரிப்பை ஒருபோதும் ஊற வைக்காதீர்கள். பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் உடனே உலர்த்துங்கள். பழுப்பு படர்ந்துவிட்டால் இங்கும் நீர்த்த வினிகர் ஓரளவு உதவும். கோரைப்பாய்க்கும் ஈரம்தான் பகை. நனைந்த பாயைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறுப்புப் புள்ளிகள் எளிதில் போவதில்லை.

தடித்த கம்பளத்தில் துடைத்த கறை மறுநாள் முளைத்து நிற்பதும் இதே நீரோட்டத்தால்தான். அடியில் தங்கியது, ஈரத்தோடு நுனிக்கு ஏறிவிடுகிறது. இதற்கு, துடைத்த இடத்தின் மேல் உலர்ந்த வெள்ளைத் துணியை நான்காக மடித்துப் போட்டு, பாலித்தீன் உறையில் சுற்றிய கனமான புத்தகத்தை இரவு முழுக்க ஏற்றி வைக்க வேண்டும். ஏறிவரும் ஈரம் துணிக்குள் போய்விடும். காலையில் துணியில் நிறம் தெரிந்தால் வேறு துணி மாற்றி இன்னொரு முறை வையுங்கள்.