ரெஸ்டிவ்: இருக்க மறுப்பவரா, எழும்ப மறுப்பவரா?

அடங்காத பிரதேசங்களைக் குறிப்பிடுகையில் ஆங்கிலச் செய்தியாளர்கள் கையாளும் சொற்களில் 'ரெஸ்டிவ்' என்பதும் ஒன்றாகும். தமிழில் பெயர்ப்போர் அதனை 'அமைதியிழந்த' என்றோ 'பதற்றம் நிறைந்த' என்றோ எழுதிவிடுகின்றனர். அதில் பெரிய தவறில்லை. ஆயினும் அச்சொல்லின் பிறப்பை ஆராயின், இன்றைய பொருளுக்கு நேர்மாறான பொருளொன்று அதனுள் இருப்பதை நாம் காணலாம்.

ஓய்வைக் குறிக்கும் 'ரெஸ்ட்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஜேர்மானிய மூலத்தைக் கொண்டது. 'ரெஸ்டிவ்' என்பதோ, பின்தங்கி நிற்றல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியின் ஊடாக ஆங்கிலத்தை அடைந்தது. எவ்வளவு தூண்டினும் நகராது நிற்கும் குதிரையையே அது முதலில் குறித்தது. நுகத்தில் பூட்டியதும் படுத்துவிடும் சண்டி மாட்டை அறிந்த எமக்கு இது விளங்காததன்று. நகர மறுக்கும் குதிரை அடி விழுந்தால் திமிறும், பக்கவாட்டில் துள்ளும். இவ்வாறே நிற்றலைக் குறித்த சொல் நிலைகொள்ளாமையைக் குறிக்கலாயிற்று. (எம்மிடையேயும் படுத்துக்கிடக்கும் மாடு 'சண்டி', ஊரைக் கலக்குபவனோ 'சண்டியன்'.)

'ரெஸ்ட்லெஸ்' என்பது வேறு. உறக்கம் வராத இரவும், அலை ஓயாத கடலும் 'ரெஸ்ட்லெஸ்' ஆகலாம். 'ரெஸ்டிவ்' என்று கூறுவதற்கோ கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஒருவர் வேண்டும். 'அமைதியிழந்த' என்று பெயர்க்கும்போது அந்த ஒருவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

யாழ். குடாநாட்டினருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகதெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். அம்மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகமாவர். சரியாக ஐந்தாண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கிவர, புலிகளின் அறிவித்தலின் பேரில் வலிகாமத்துத் தமிழ் மக்கள் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அவர்களின் தொகை இலட்சக்கணக்கானது. இவ்விரு சாராரும் நிலைகொள்ளாதோர் அல்லர். இருந்த இடத்திலேயே இருக்க விரும்பியவர்கள். அச்சொல்லின் பழைய பொருளே இவர்களுக்குப் பொருந்தும்.

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் உயர் பாதுகாப்பு வலயக் காணிகளைக் கேட்டு நடத்திய போராட்டங்களையும் 'அமைதியின்மை' என்று எழுதுவது எளிது. விடுவிக்கப்படாத காணிகள் இன்னமும் உள்ள நிலையில், கடிவாளம் எவர் கையில் என்பதைச் செய்தியிலே குறிப்பிடுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு என்பது எமது கருத்தாகும்.

புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அலையும் முஸ்லிம் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. இவர்கள் உண்மையில் மீளக்குடியேறினார்களா என்ற ஐயம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஆனால் பிள்ளைகளின் பாடசாலை அங்கே, காணி உறுதி இங்கே. 1990இல் ஒரு வீட்டில் வாழ்ந்தோர் இன்று பல குடும்பங்களாகிவிட்டனர், சோனகதெருவிலோ கூரையற்ற சுவர்களே பலருக்கு எஞ்சியிருந்தன. இவர்களை நிலையற்றவர்கள் என்று பதியும் அதிகாரி, எந்த ஊரில் நிலைக்க அவர்களுக்கு வீடு இருக்கிறது என்பதையும் அதே படிவத்தில் எழுதிக்கொள்ளலாம்.