நன்றியும் கூலியும்

கிறிஸ்தவ வழிபாட்டின் மையம் நன்றி கூறுதலே. கத்தோலிக்கர் நற்கருணை என அழைப்பதன் கிரேக்கப் பெயர் 'யூக்கரிஸ்தியா'. அதன் பொருளும் நன்றி கூறுதல்தான். அந்தப் பீடத்தில் வைக்கப்படுவது கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் அல்ல. அப்பமும் திராட்சை ரசமும். விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், சுட்டவர் கைகள் படாமல் அவை அங்கு வந்திருக்க முடியாது. எனவே, கடவுளுக்குச் செலுத்தும் நன்றி உழைப்பாளியை விலக்கிவிட்டுச் செல்ல இயலாது என்பது என் நம்பிக்கை.

திருவள்ளூர் மாவட்டத்தை எண்ணும்போது இந்த நம்பிக்கை எனக்குக் கேள்வியாக மாறுகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பகுதியின் உருக்காலைகளில், பழைய இரும்பு ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கப்பட்டு, வார்க்கப்பட்டு, உருளைகளுக்கிடையே நீட்டப்பட்டுக் கட்டடக் கம்பியாகிறது. பழைய இரும்போடு மூடிய கலனோ ஈரமோ உள்ளே போய்விட்டால் உலை வெடித்துக் குழம்பு சிதறும். அந்த உலைவாயில் நிற்போரில் பலர் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இதே மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் ஏழைக் குடும்பங்கள் முன்பணம் பெற்று வருகின்றன. மழை ஓய்ந்தது முதல் கோடை முடியும்வரை கல் அறுக்கின்றன.

சென்னையின் வீடுகளும் மருத்துவமனைகளும் தேவாலயங்களும் எழுவது இத்தகைய கம்பியாலும் கல்லாலும்தான். ஆலயக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் இருக்கும். இவர்கள் பெயர் இருப்பதில்லை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து, வேலையும் கூலியும் நின்று, சாலைகளில் நடக்கத் தொடங்கியபோதுதான் நாடு இவர்களைக் கண்டது.

வேதாகமம் இவ்விஷயத்தில் உணர்ச்சியோடு நிற்பதில்லை, கணக்குக் கேட்கிறது. ஏழைக் கூலியாள் உள்ளூராராயினும் அந்நியராயினும், அன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24-ஆம் அதிகாரம். பிடித்து வைக்கப்பட்ட கூலியே கடவுளிடம் முறையிடுவதாக யாக்கோபின் நிருபம் கூறுகிறது. இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கும்படி மேற்பார்வையாளருக்குக் கட்டளையிடுபவர் தோட்டக்காரரே. பொறுப்பை அவர் இடைத்தரகர் மேல் தள்ளிவிடவில்லை.

இந்நெறியை நம் சட்டமும் அறியும். ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. முன்பணத்தைக் காட்டி மனிதரைக் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும், மொழி தெரியாத ஊரில், முதலாளி யாரென்றே அறியாத ஒருவர் இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவது எளிதன்று.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக அறிவித்தார். அந்நாளில் மன்றாட்டு ஏறெடுப்பது நல்லது. அதனினும் நல்லது, ஆலயமோ பள்ளியோ கட்டும் ஒவ்வொரு குழுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது: கூலி உரிய நாளில் அவர்கள் கைக்குச் சேர்கிறதா? தங்குமிடம் மனிதர் வாழத் தக்கதா? அடிபட்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு? விலை குறைந்த ஒப்பந்தப்புள்ளி எதனால் குறைந்தது என்றும் வினவ வேண்டும். விடை கேட்டறிந்த பிறகு சொல்லும் நன்றிக்கே பொருள் உண்டு.